ஏசிங்க்ஐஓ: 6000 லிங்க் செக் பண்றப்போ நல்லா இருக்குற லிங்க்கும் டைம்அவுட் ஆகுது, ஒரு எரர் வந்தா மொத்தமும் போயிடுது

வேப்பங்கிளை:

வணக்கம் எல்லாருக்கும். தமிழ் விக்கிப்பீடியாவுல நாங்க சில பேர் சேர்ந்து கவனிச்சுக்கிற கட்டுரைகள்ல மேற்கோளா குடுத்திருக்குற வெளி லிங்க் எல்லாம் இன்னும் திறக்குதான்னு பாக்க ஒரு பைத்தான் ஸ்க்ரிப்ட் எழுதிட்டு இருக்கேன். மொத்தம் 6000 லிங்க் பக்கம் வரும். ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி வச்சு ஒண்ணொண்ணா போனா ராத்திரி முழுக்க ஓடுது, செத்துப்போன சர்வர் ஒவ்வொண்ணும் பதிலே சொல்லாம இழுத்தடிக்குது, அதுக்குப் பின்னாடி நல்ல லிங்க் எல்லாம் சும்மா காத்துக்கிட்டு நிக்குது. அதான் ஒண்ணு காத்திருக்குறப்போ இன்னொண்ணை ஓட்டுற பைத்தானோட ஏசிங்க்ஐஓவுக்கு (asyncio) மாத்தினேன், கூட அதோட சேந்து வெப் ரிக்வெஸ்ட் அனுப்புற ஏஐஓஹெச்டிடிபி (aiohttp) லைப்ரரி. பைத்தான் 3.12, உபுண்டு, 4 கோர் லேப்டாப்.

கோட் ரொம்ப சின்னது. ஒரு லிங்க்கை வாங்கி கெட் அனுப்பி ஸ்டேட்டஸ் நம்பரை திருப்பித் தர்ற ஒரு ஏசிங்க் ஃபங்ஷன், மெயின்ல ஒரே ஒரு செஷன் திறந்து 6000க்கும் அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டு லிஸ்ட்டா சேத்து, எல்லாத்தையும் ஒண்ணா ஓட்டி ரிசல்ட் தர்ற கேதர்கிட்ட (gather) குடுத்து அவெய்ட் பண்றேன், அதாவது முடியற வரை காத்திருக்கேன். செஷனுக்கு டோட்டல் டைம்அவுட் 10 செகண்ட்.

பிரச்சனை என்னன்னா, ஏதோ ஒரு லிங்க்ல டொமைனே இல்லைன்னு எக்ஸப்ஷன் (எரர்) வந்தா கேதர் அங்கயே முடிஞ்சிடுது, அதுவரை வந்த ரிசல்ட் ஒண்ணும் கையில கிடைக்கல. ஆனா அந்த எக்ஸப்ஷனை பிடிச்சுட்டு அடுத்த வரிக்குப் போனாலும் ஃபங்ஷனுக்குள்ள போட்ட பிரின்ட் எல்லாம் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு, அப்புறம் செஷன் மூடியாச்சுன்னு வேற எரர் மழையா கொட்டுது. சரின்னு எரரையும் ரிசல்ட்டாவே தரச் சொல்ற கேதரோட ரிட்டர்ன் எக்ஸப்ஷன்ஸ் ஆப்ஷனை ட்ரூன்னு போட்டேன். இப்போ ஸ்க்ரிப்ட் முழுசா முடியுது, அதுவும் ரொம்ப சீக்கிரமா முடியுது, ஆனா முக்கால்வாசி லிங்க் டைம்அவுட்னு வருது. அதுல இருந்து எதை எடுத்து பிரவுசர்ல போட்டாலும் நல்லா திறக்குது. 50 லிங்க் மட்டும் குடுத்து ஓட்டினா எல்லாமே சரியா வருது.

டாஸ்க்கை, அதாவது ஒண்ணா ஓடுற வேலைகளை, குழுவா கட்டி ஓட்டுற டாஸ்க்குரூப்தான் இப்போ சரியான வழின்னு ஒரு இடத்துல படிச்சேன், அதைப் போட்டா ஒரு லிங்க் ஃபெயில் ஆனதும் மிச்ச எல்லாத்தையும் கேன்சல் பண்ணிடுது, எனக்கு அது வேண்டவே வேண்டாம். நடுவுல நிறுத்தினா அதுவரை பாத்ததாவது மிஞ்சணும், அதுவும் வேணும். எதை மாத்தணும்?

பைட்குருவி:

முதல்ல டைம்அவுட் விஷயம், ஏன்னா அதுதான் தப்பான தகவலை உண்மை மாதிரி காட்டுது. ஒண்ணு செக் பண்ணுங்க: மொத்த ஸ்க்ரிப்ட்டும் 10 செகண்டுக்கு கொஞ்சம் மேல முடியுதா? அப்படின்னா காரணம் இதுதான்.

ஏஐஓஹெச்டிடிபியில கனெக்ஷன்களைப் பாத்துக்கிற கனெக்டர் நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா ஒரே நேரத்துல 100 கனெக்ஷன் வரைக்கும்தான் திறக்கும். நீங்க 6000 ரிக்வெஸ்ட்டை ஒரே அடியா கிளப்பி விடுறீங்க, 100 உள்ள போகுது, 5900 அந்த கனெக்ஷன் தொகுப்போட (பூல்) வாசல்ல காத்திருக்கு. டோட்டல் டைம்அவுட்ங்கிறது அந்த ரிக்வெஸ்ட் ஆரம்பிச்ச நொடியில இருந்து ஓடுற கடிகாரம், பூல்ல கனெக்ஷனுக்காக காத்திருக்குற நேரமும் அதுக்குள்ளதான் வரும். ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கின நிமிஷத்துல இருந்தே டாக்டர் பாக்குற நேரத்தை எண்ணினா எப்படி இருக்கும், அந்தக் கதைதான். ஒரு லிங்க்குக்கு சராசரியா ஒரு செகண்ட் ஆகுதுன்னு வைங்க, 10 செகண்ட்ல ஆயிரம் லிங்க் முடியும், மிச்ச 5000மும் சர்வரைத் தொடாமலே ஒரே நொடியில மொத்தமா டைம்அவுட் ஆகும். 50 குடுத்தா நல்லா ஓடுறதுக்கும் இதுதான் காரணம், 100க்குள்ள இருக்குறதால யாரும் வாசல்ல நிக்கல.

டைம்அவுட்டை 10ல இருந்து 60, 300னு ஏத்திக்கிட்டே போறது தீர்வு இல்ல, அது பிரச்சனையை தள்ளிப்போடும், லிஸ்ட் பெருசானா திரும்ப வரும். கடிகாரம் எப்போ ஓட ஆரம்பிக்கணும்ங்கிறதை நீங்க முடிவு பண்ணணும். ஒரு செமஃபோர் வச்சுக்கோங்க, 100னு, அதாவது ஒரே நேரத்துல இத்தனை பேர்தான் உள்ள போகலாம்னு எண்ணி விடுற வாசல். ஃபங்ஷனுக்குள்ள முதல்ல செமஃபோரைப் பிடிங்க, பிடிச்சதுக்கு அப்புறம் உள்ளதான் ரிக்வெஸ்ட், அதுக்கு 10 செகண்ட். கனெக்டரோட லிமிட்டை 0ன்னு போட்டுடுங்க, அதாவது வரம்பு இல்ல, ஏன்னா வரம்பை இப்போ நீங்களே பாத்துக்கிறீங்க, ரெண்டு இடத்துல வரம்பு இருந்தா திரும்ப எது எங்க காத்திருக்குன்னு தெரியாம போயிடும். 3.11ல வந்த ஏசிங்க்ஐஓ டைம்அவுட் பிளாக்கை யூஸ் பண்ணினாலும் இதே கதைதான், அந்த பிளாக் செமஃபோருக்கு உள்ள இருக்கணும். வெளிய வச்சீங்கன்னா இதே தப்பு வேற உருவத்துல வரும்.

இன்னொரு வழியும் இருக்கு, டோட்டலை எடுத்துட்டு கனெக்ட் ஆகுறதுக்கு சாக் கனெக்ட், டேட்டா வர்றதுக்கு சாக் ரீட்னு ரெண்டு தனி டைம்அவுட் இருக்கே, அதை மட்டும் வைக்கலாம், அதுல பூல்ல நிக்கிற நேரம் சேராது. ஆனா சாக் ரீட் ஒவ்வொரு துண்டு டேட்டாவுக்கும் தனித்தனியா எண்ணும், சொட்டு சொட்டா அனுப்புற சர்வர் ஒண்ணு மாட்டினா முடிவே இல்லாம ஓடும். அதனால எனக்கு செமஃபோர் வழிதான் நம்பிக்கை. மோசமான நிலையில எல்லா லிங்க்குமே 10 செகண்ட் இழுத்தாலும் 6000ஐ 100ஆல வகுத்து 10ஆல பெருக்கினா 600 செகண்ட், பத்து நிமிஷத்துல முடிஞ்சாகணும்னு உத்தரவாதமா சொல்ல முடியும், இந்த மாதிரி கணக்கு போட முடியறதே பெரிய நிம்மதி.

நள்ளிரவு_டீக்கடை:

டைம்அவுட்டை குருவி சொல்லிட்டாரு, நான் கேதர், டாஸ்க்குரூப் பத்தி சொல்றேன்.

வேப்பங்கிளை, நீங்க பாத்த விசித்திரம் பக் இல்ல, கேதர் அப்படித்தான்னு டாக்குமென்டேஷன்லயே எழுதியிருக்கு. ஒரு டாஸ்க்ல எக்ஸப்ஷன் வந்தா அதை உடனே உங்ககிட்ட தூக்கிப் போடும், ஆனா மிச்ச டாஸ்க்கை கேன்சல் பண்ணாது, அதெல்லாம் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க செஷன் பிளாக்கை விட்டு வெளிய வந்துட்டீங்க, செஷன் மூடிடுச்சு, இன்னும் ஓடிக்கிட்டு இருக்குற ஆயிரக்கணக்கான டாஸ்க் மூடின செஷனைத் தட்டுது, அந்த எரர் மழை அதுதான். ஆரம்பிச்சு விட்டவன் போயிட்டான், வேலை மட்டும் கேக்க ஆளில்லாம ஓடுது. பல டாஸ்க்கை ஒண்ணா ஓட்டுற கோட்ல நான் பாத்த தொல்லைகள்ல பாதிக்கு மேல இந்த ஒரே இடத்துல இருந்துதான் முளைக்குது.

டாஸ்க்குரூப் இதைத்தான் சரி பண்ணுது. 3.11ல, அதாவது 2022 அக்டோபர்ல வந்தது, யோசனை ட்ரையோ லைப்ரரியோட நர்சரியில இருந்து வந்தது. அந்த பிளாக்கை விட்டு வெளிய வர்றப்போ உள்ள ஆரம்பிச்ச ஒரு டாஸ்க் கூட உயிரோட இருக்காது, முடிஞ்சிருக்கும் இல்ல கேன்சல் ஆகியிருக்கும், இந்த உறுதிமொழிதான் அதோட மொத்த மதிப்பும். ஒண்ணு எக்ஸப்ஷன்ல விழுந்தா மிச்சத்தை கேன்சல் பண்ணி, எல்லாம் அடங்குற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் எல்லா எக்ஸப்ஷனையும் ஒரு எக்ஸப்ஷன் குரூப்பா கட்டி மேல அனுப்பும்.

உங்களுக்கு அது வேண்டாம்னு தோணுது, ஆனா இங்க ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. லிங்க் செக் பண்ற ப்ரோக்ராமுக்கு செத்த லிங்க்ங்கிறது எரரா? கிடையாது, அதுதான் நீங்க தேடி வந்த பதிலே. டொமைன் இல்ல, கனெக்ஷன் மறுத்தாச்சு, 10 செகண்ட்ல பதில் இல்ல, இது மூணும் 200, 404 மாதிரியே ஒரு ரிசல்ட்தான். அப்போ அந்த எக்ஸப்ஷன் உங்க செக் ஃபங்ஷனை விட்டு வெளிய வரவே கூடாது. உள்ளயே ட்ரை போட்டு ஏஐஓஹெச்டிடிபியோட கிளையன்ட் எரரையும் டைம்அவுட் எரரையும் பிடிச்சு, இந்த லிங்க் இந்தக் காரணத்தால திறக்கலன்னு ஒரு சாதாரண ரிசல்ட்டா திருப்பிக் குடுங்க. இந்த ரெண்டு வகை மட்டும்தான் பிடிக்கணும், அதுக்கு மேல வேண்டாம். உடைஞ்ச லிங்க்கை பாகம் பிரிக்கவே முடியாம வேல்யூ எரர் மாதிரி ஏதாவது வந்தா அதை வேணும்னா பேர் சொல்லி சேத்துக்கோங்க.

இப்படிப் பண்ணிட்டா டாஸ்க்குரூப் உங்களுக்கு எதிரா வேலை செய்யாது. லிங்க் செத்தா யாரும் கேன்சல் ஆக மாட்டாங்க. ஆனா உங்க கோட்ல ஒரு டிக்‌ஷனரி கீயை தப்பா எழுதி கீ எரர் வந்துச்சுன்னு வைங்க, அப்போ மொத்தமும் உடனே நிக்கும், நிக்கத்தான் வேணும். ரிட்டர்ன் எக்ஸப்ஷன்ஸ் ட்ரூன்னு வச்சா என்ன நடக்கும் தெரியுமா, அந்த கீ எரரும் 6000 ரிசல்ட்டுக்கு நடுவுல செத்த லிங்க் மாதிரியே அமைதியா உக்காந்திருக்கும், நீங்க அதை நம்பி விக்கிப்பீடியாவுல நல்ல மேற்கோளை செத்ததுன்னு குறிச்சுடுவீங்க. அந்த ஆப்ஷனை எனக்கு சுத்தமா பிடிக்காததுக்கு காரணமே இதுதான்.

எந்த டூல்ங்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்விதான்: ஒண்ணு விழுந்தா பக்கத்துல ஓடுறதுக்கு என்ன ஆகணும்? ஒரு பேஜ் காட்ட யூசர் விவரம், ஆர்டர் விவரம், பேமென்ட் நிலைன்னு மூணும் சேந்தே வேணும்னா ஒண்ணு விழுந்ததும் மத்ததை நிறுத்திடறதுதான் சரி, காத்திருந்து என்ன லாபம். உங்க கேஸ்ல ஒவ்வொரு லிங்க்கும் தனித்தனி ஆள், ஒண்ணோட சாவு இன்னொண்ணைத் தொடவே கூடாது. இதை டாஸ்க்குக்கு உள்ள முடிவு பண்ணுங்க, வெளிய கேதரா டாஸ்க்குரூப்பான்னு சண்டை போட வேண்டியதே இல்ல.

பனங்காட்டு_நரி:

மேல சொன்னதெல்லாம் சரிதான், ஆனா கேக்கணும்னு தோணுது, இந்த வேலைக்கு ஏசிங்க்ஐஓ எதுக்கு? வேலையை பல த்ரெட்டுக்குப் பங்கிட்டு ஓட்டுற த்ரெட்பூல் எக்ஸிக்யூட்டர் பைத்தான் 3.2ல இருந்தே இருக்கு. ஏற்கனவே எழுதின ரிக்வெஸ்ட்ஸ் ஃபங்ஷனை அப்படியே எடுத்து 40 த்ரெட் குடுத்து மேப் பண்ணினா முடிஞ்சுது. நெட்வொர்க்ல காத்திருக்குற நேரத்துல ஒரு நேரத்துல ஒரு த்ரெட்தான் ஓடலாம்ங்கிற பைத்தானோட பூட்டு (ஜிஐஎல்) விட்டுடும், அதனால வேகத்துக்கும் குறைச்சல் இல்ல. பூல்ல க்யூ தானா இருக்கு, த்ரெட் கைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் டைம்அவுட் ஓட ஆரம்பிக்கும், நீங்க முதல்ல மாட்டின சிக்கல் அங்க வரவே வராது. ஒரு ராத்திரி வேலைக்காக புது மாடல் முழுசா கத்துக்கணுமா?

நள்ளிரவு_டீக்கடை:

நரி சொல்றது நியாயமான வழிதான், 600 லிங்க்னா நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கிட்டு போகணும். ரிக்வெஸ்ட்ஸ்ல டைம்அவுட் குடுக்கலைன்னா அது எவ்வளவு நேரம் வேணும்னாலும் காத்திருக்கும், குடுத்தாலும் அது மொத்த நேரத்துக்கான வரம்பு இல்ல, சாக்கெட்ல அடுத்த பைட் வர்ற வரைக்குமான வரம்பு, குருவி சொன்ன சொட்டு சர்வர் இங்கயும் ஒரு த்ரெட்டை விழுங்கிடும். அடுத்தது, ஓடிக்கிட்டு இருக்குற த்ரெட்டை வெளிய இருந்து நிறுத்த பைத்தான்ல வழி கிடையாது. கன்ட்ரோல் சி அழுத்தினாலும் 40 த்ரெட்டும் அதது கையில இருக்குறதை முடிச்சுட்டுதான் விடும். ஏசிங்க்ஐஓவுல எந்த அவெய்ட்ல நிக்குதோ அங்கயே கேன்சல் பண்ணிடலாம், 10 செகண்ட்னா 10 செகண்ட்தான். அவர் நடுவுல நிறுத்தணும்னு கேக்கறதால நான் இந்தப் பக்கம்.

வேப்பங்கிளை:

குருவி சொன்ன மாதிரியே, முன்னாடி 10 செகண்டுக்கு கொஞ்சம் மேலதான் முடிஞ்சிருக்கு. செமஃபோர் போட்டு, செக் ஃபங்ஷனுக்குள்ள ரெண்டு எரரையும் பிடிச்சு, டாஸ்க்குரூப்ல ஓட்டினேன். டைம்அவுட் ரொம்பவே குறைஞ்சிடுச்சு, இப்போ வர்றதுல நான் எடுத்துப் பாத்ததெல்லாம் நிஜமாவே செத்ததுதான்.

இப்போ புதுசா ரெண்டு. எங்க கட்டுரைகள்ல ஒரே செய்தித் தளத்துக்கு நூத்துக்கணக்குல லிங்க் இருக்கு, அது கொஞ்ச நேரத்துல எல்லாத்துக்கும் 429 (ரொம்ப அதிகமா கேக்குறீங்க) குடுக்க ஆரம்பிச்சிடுது. இன்னொண்ணு, ஆரம்பிச்ச முதல் சில நிமிஷம் ரொம்ப மந்தமா இருக்கு, 100 பேர் உள்ள இருக்காங்கன்னு நம்பவே முடியல, சிபியு நெட் ரெண்டுமே சும்மா கிடக்கு.

பைட்குருவி:

429ன்னா நீங்க அவங்களை தொந்தரவு பண்றீங்கன்னு அவங்களே மரியாதையா சொல்றாங்க, அதைக் கேட்டு நடக்கறதுதான் முறை. ஹோஸ்ட்டுக்கு, அதாவது ஒவ்வொரு தளத்துக்கும், ஒரு செமஃபோர்னு ஒரு டிக்‌ஷனரி வைங்க, ஒவ்வொண்ணும் 2. கனெக்டர்லயே லிமிட் பெர் ஹோஸ்ட்னு ஒரு செட்டிங் இருக்கு, ஆனா அதைப் போட்டா ரிக்வெஸ்ட் திரும்பவும் பூலுக்குள்ள போய் காத்திருக்கும், கடிகாரமும் ஓடும், நாம இப்போதான் அதுல இருந்து வெளிய வந்தோம்.

இங்க வரிசை ரொம்ப முக்கியம். முதல்ல ஹோஸ்ட் செமஃபோர், அடுத்து பொது செமஃபோர், அதுக்குள்ள டைம்அவுட். மாத்திப் போட்டு பொதுவை முதல்ல பிடிச்சீங்கன்னா, அந்த செய்தித் தளத்தோட லிங்க் ஒரு 98 பொது இடத்தையெல்லாம் பிடிச்சு வச்சுக்கிட்டு ஹோஸ்ட் செமஃபோருக்காக நிக்கும், மத்த ஆயிரம் தளத்துக்கு இடமே இருக்காது, ப்ரோக்ராம் ஓடுற மாதிரியே தெரியும், ஆனா உண்மையில ரெண்டு ரெண்டா நகரும். எது குறுகலோ அதை வெளிய வைக்கணும். எல்லா டாஸ்க்கும் இதே வரிசையில பிடிக்கறதால ஒருத்தரை ஒருத்தர் பாத்து நின்னுட்டு டெட்லாக் ஆகவும் வாய்ப்பில்ல.

429 வந்தா ரெஸ்பான்ஸ்ல ரிட்ரை ஆஃப்டர் ஹெட்டர் இருக்கான்னு பாருங்க. அதுல செகண்ட் கணக்கும் வரலாம், தேதியா முழு நேரமும் வரலாம், ரெண்டையும் படிக்கத் தெரியணும். அது இல்லைன்னா 2, 4, 8னு இரட்டிச்சுக்கிட்டே போய் கூட கொஞ்சம் ரேண்டம் நேரம் சேத்து தூங்குங்க. எங்க தூங்கணும்ங்கிறதையும் கவனிங்க: பொது செமஃபோரை விட்டுட்டு, ஹோஸ்ட் செமஃபோரைப் பிடிச்சுக்கிட்டே தூங்கணும். அப்போ அந்த ஒரு தளத்தோட வரிசை மட்டும் நிக்கும், ஊர்ல மத்த தளமெல்லாம் பாட்டுக்கு நகரும். யூசர் ஏஜென்ட்ல இது என்ன ஸ்க்ரிப்ட், யாரைத் தொடர்பு கொள்ளணும்னு எழுதி வைங்க, அது இல்லாம லைப்ரரியோட பேர் மட்டும் போனா சில தளம் 403 குடுத்து வெளிய தள்ளிடும்.

மந்தமா இருக்கறதுக்கு எனக்குத் தோணுறது டிஎன்எஸ், அதாவது தளத்தோட பேரை ஐபி முகவரியா மாத்துற தேடல். ஏஐஓடிஎன்எஸ் பேக்கேஜ் இல்லைன்னா ஏஐஓஹெச்டிடிபி பேரைத் தேடுற வேலையை சிஸ்டத்தோட கெட்அட்ரின்ஃபோகிட்டதான் குடுக்கும், அது பிளாக் பண்ற ஃபங்ஷன், அதனால டாஸ்க் எல்லாத்தையும் மாத்தி மாத்தி ஓட்டுற ஈவன்ட் லூப்போட டீஃபால்ட் த்ரெட் பூல்ல ஓட்டும். அந்த பூல்ல எத்தனை த்ரெட்னு பாத்தா, கோர் எண்ணிக்கையோட 4 கூட்டணும், அதிகபட்சம் 32. உங்களுக்கு 4 கோர், ஆக 8 த்ரெட். செத்துப்போன டொமைனைத் தேடறது சீக்கிரம் முடியாது, அப்படி எட்டு சேந்தாப்ல மாட்டினா உள்ள இருக்குற மிச்சம் 92 பேரும் பேர் தெரியாம காத்திருக்காங்க, சிபியு நெட் ரெண்டும் தூங்குறது இதனாலதான். நேரா டிஎன்எஸ் பேசுற அந்த பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணிடுங்க, இல்லைன்னா லூப்புக்கு 64 த்ரெட்டோட ஒரு எக்ஸிக்யூட்டரை நீங்களே செட் பண்ணிடுங்க. கனெக்டரோட டிஎன்எஸ் கேஷ் டீஃபால்ட்டா 10 செகண்ட்தான் ஞாபகம் வச்சுக்கும், ஒரே ஹோஸ்ட்டுக்கு நூத்துக்கணக்குல போறவருக்கு அது பத்தாது, 300ஆ மாத்துங்க.

கரிசல்_கோடர்:

நான் ஜாவாஸ்க்ரிப்ட் ஆளு, இதைப் படிச்சதும் எங்க பக்கமும் அப்படியே பொருந்துதுன்னு சொல்லத் தோணுச்சு. ப்ராமிஸ் ஆல் முதல் ரிஜெக்ட்லயே விழும், மத்ததை நிறுத்தாது, கேதர் மாதிரியேதான். 2020ல வந்த ஆல் செட்டில்டு எல்லாத்தையும் முடிய விட்டு நிலையை லிஸ்ட்டா தரும். நிறுத்தணும்னா அபார்ட் கன்ட்ரோலரோட சிக்னலை ஒவ்வொரு ஃபெட்ச்சுக்கும் நாமளேதான் கொண்டு போய் குடுக்கணும், டாஸ்க்குரூப் மாதிரி தானா நடக்கறது கிடையாது. நோட் ஜேஎஸ்ல (Node.js) எழுதுறவங்களும் ஹோஸ்ட் முதல்ல, பொது அப்புறம்ங்கிற அந்த வரிசையை எடுத்து வச்சுக்கோங்க, அது எந்த லாங்குவேஜ்லயும் ஒண்ணுதான்.

வேப்பங்கிளை:

டிஎன்எஸ் பேக்கேஜ் போட்டதும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுது, ரொம்ப நன்றி. ஹோஸ்ட் செமஃபோர் இன்னைக்கு ராத்திரி எழுதுறேன். நிறுத்தினா மிஞ்சணும்னு கேட்டேனே, அதுக்கு ஒரு க்யூ வச்சு எழுதறதுக்குன்னு தனியா ஒரு டாஸ்க் போடணும்னு படிச்சேன், அப்படித்தானா?

நள்ளிரவு_டீக்கடை:

உங்க அளவுக்கு வேண்டாம். ஒரு டாஸ்க் சாதாரண வரிகள்ல போய்க்கிட்டு இருக்குறப்போ நடுவுல அவெய்ட் வரலைன்னா இன்னொரு டாஸ்க் குறுக்க வரவே முடியாது, எல்லாம் ஒரே த்ரெட்தான். அதனால ஒவ்வொரு செக்கும் முடிஞ்சதும் ஒரு லிங்க்குக்கு ஒரு ஜேசன் வரின்னு ஃபைல்ல எழுதி உடனே ஃப்ளஷ் பண்ணிடுங்க, ரெண்டு வரி ஒண்ணோட ஒண்ணு கலக்காது. 6000 சின்ன வரி எழுதறதால லூப் தடைபடற அளவுக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த தடவை ஓட்டறப்போ முதல்ல அந்த ஃபைலைப் படிச்சு முடிஞ்சதையெல்லாம் விட்டுட்டு மிச்சத்தை மட்டும் ஆரம்பிங்க. க்யூ வச்சா, கேன்சல் ஆகுறப்போ எழுதுற டாஸ்க்கும் சேந்து கேன்சல் ஆகும், க்யூவுல மிஞ்சினதை யார் எழுதறதுன்னு புதுசா ஒரு தலைவலி. டேட்டாபேஸ் நெட்வொர்க்ல இருக்கு, எழுதறதுக்கே அவெய்ட் வேணும்னு வந்தா அப்போ க்யூவுக்குப் போகலாம்.

கன்ட்ரோல் சி 3.11ல இருந்து நல்லா இருக்கு, ஏசிங்க்ஐஓ ரன் அதைப் பிடிச்சு மெயின் டாஸ்க்கை கேன்சல் பண்ணும், அதனால டாஸ்க்குரூப் உள்ள இருக்குற எல்லாத்தையும் கேன்சல் பண்ணி அடங்க விட்டு, செஷன் ஒழுங்கா மூடி, அப்புறம்தான் ப்ரோக்ராம் வெளிய வரும். இது நடக்கணும்னா எங்கயும் வெறும் எக்ஸெப்ட் போடாதீங்க. கேன்சல் ஆகுறதுங்கிறது உள்ள கேன்சல்ட் எரர்ங்கிற எக்ஸப்ஷனாதான் வருது. 3.8ல அதை பேஸ் எக்ஸப்ஷனுக்கு கீழ மாத்திட்டாங்க, அதனால எக்ஸெப்ட் எக்ஸப்ஷன்னு எழுதினா தப்பிச்சுடும், ஆனா வெறும் எக்ஸெப்ட் அதையும் விழுங்கிடும், நிறுத்துன்னு சொன்னது காதுலயே விழாத மாதிரி டாஸ்க் அடுத்த வரிக்குப் போயிடும். அப்படி ஒண்ணு இருந்தா போதும், குரூப் மொத்தமும் அதுக்காக காத்துக்கிட்டு நிக்கும். பிடிச்சே ஆகணும்னா ஏதாவது சுத்தம் பண்ணிட்டு திரும்ப ரெய்ஸ் பண்ணிடுங்க.

அதே மாதிரி சும்மா கிரியேட் டாஸ்க்னு கூப்பிட்டு திரும்பி வர்றதை எதுலயும் வச்சுக்காம விடுறதும் வேண்டாம். ஈவன்ட் லூப் டாஸ்க்கை வீக் ரெஃபரன்ஸாதான் வச்சிருக்கு, அதாவது அழியாம பிடிச்சு வைக்காத குறிப்பா, வேற யாரும் பிடிச்சிருக்கலைன்னா பாதியிலயே மெமரியைச் சுத்தம் பண்ற கார்பேஜ் கலெக்டர் தூக்கிட்டுப் போகலாம், டாக்குமென்டேஷன்லயே எச்சரிச்சிருக்காங்க. டாஸ்க்குரூப் வழியா ஆரம்பிச்சா குரூப்பே பிடிச்சு வச்சிருக்கும்.

பனங்காட்டு_நரி:

இவ்வளவு தூரம் வந்தாச்சு, லிங்க் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்லிடறேன், இதை ஏசிங்க்ஐஓ காப்பாத்தாது. 200 வந்தா லிங்க் உயிரோட இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க. பழைய செய்தி லிங்க் நிறைய, கட்டுரையை எடுத்துட்டு முகப்புப் பக்கத்துக்கு ரீடைரக்ட் பண்ணி 200 குடுத்துடும். ரெஸ்பான்ஸோட கடைசி யூஆர்எல்லை எடுத்து அதுல பாதை வெறும் சாய்கோடு மட்டும்தான் இருக்கான்னு பாருங்க, நீங்க கேட்டது ஆழமான பாதையா இருந்து வந்தது முகப்புன்னா அதை சந்தேகம்னு தனியா குறிங்க. அதே மாதிரி 404, 410 ரெண்டையும்தான் செத்ததுன்னு எடுக்கலாம். 403, 429, 500க்கு மேல வர்றது எல்லாம் தெரியலன்னு வைங்க, வேற நாள் வேற நேரத்துல திரும்ப ஓட்டுங்க, அப்பவும் அதேதான்னா அப்போ கையால திறந்து பாத்து முடிவெடுங்க. விக்கிப்பீடியாவுல ஒரு மேற்கோள் போச்சுன்னா அந்த வரிக்கு ஆதாரமே போச்சு, அவசரப்படற இடம் இல்ல இது.

பாடி இல்லாம ஹெட்டரை மட்டும் கேக்குற ஹெட் ரிக்வெஸ்ட் அனுப்பினா டேட்டா மிச்சம்னு யாராவது சொல்வாங்க, சில சர்வர் ஹெட்டுக்கு 405 (இந்த முறை அனுமதி இல்ல) குடுக்கும், சிலது தப்பாவே பதில் சொல்லும். கெட் அனுப்பி ஹெட்டர் வந்ததும் பாடியைப் படிக்காம விட்டுடறது இதுக்கு நல்லது.

பைட்குருவி:

நரி சொன்ன முகப்பு செக்கை பாடியைப் பாக்காம பண்ண முடியறதால பிரச்சனை இல்ல. ஆனா பின்னாடி பக்கத்தோட தலைப்பை எடுத்துப் பாக்கணும்னு பார்சரைக் கொண்டு வந்தீங்கன்னா, பெரிய பக்கத்தை பார்ஸ் பண்ற நேரத்துல லூப் மொத்தமா நிக்கும், அந்த நேரத்துல மத்தவங்களோட டைம்அவுட் கடிகாரம் மட்டும் நிக்காது. 3.9ல வந்த டு த்ரெட் ஃபங்ஷன்கிட்ட அந்த வேலையைத் தள்ளி விடுங்க. சந்தேகமா இருந்தா ஏசிங்க்ஐஓ ரன்ல டீபக்கை ட்ரூன்னு போட்டு ஓட்டுங்க, 100 மில்லிசெகண்டுக்கு மேல லூப்பைப் பிடிச்சு வச்ச ஒவ்வொரு இடத்தையும் லாக்ல காட்டிடும்.

3.14க்கு மாறினா இன்னொரு வசதியும் இருக்கு, ஓடிக்கிட்டு இருக்குற ப்ராசஸோட ஐடியைக் குடுத்து வேற டெர்மினல்ல இருந்து ஏசிங்க்ஐஓ பிஎஸ்ட்ரீ கமாண்டை அடிச்சா எந்த டாஸ்க் எந்த அவெய்ட்ல நிக்குதுன்னு மரம் மாதிரி காட்டும். ஹோஸ்ட் செமஃபோர் எழுதினதும் அதுல ஒரு தடவை பாருங்க, பொது இடத்தைப் பிடிச்சவங்க நிஜமாவே நெட்வொர்க்லதான் நிக்கிறாங்களா இல்ல செமஃபோர்லயான்னு நேரடியாவே தெரிஞ்சிடும். முடிவு என்ன வருதுன்னு இங்கயே போடுங்க.